18446744073709551615: 20 இலக்க எண்ணைக் கையாலேயே பிரித்து மேய்வது எப்படி

ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து இதன் பண்புகள் என்னவென்று கேட்டால் நம்மில் பலரும் செய்வது, அதை ஏதாவது ஒரு ஆன்லைன் கால்குலேட்டரில் ஒட்டிவிட்டு வருகிற பட்டியலைப் பார்ப்பதுதான். பகா காரணிகள் இவை, மொத்தக் காரணிகள் இத்தனை, இரும வடிவம் இது, முழு வர்க்கமா இல்லையா என்று பத்துப் பதினைந்து வரி வரும். படித்து முடித்த மறு நிமிடம் ஒன்றும் ஞாபகத்தில் இருக்காது, ஏன் அப்படி என்று எந்த வரியும் சொல்லியிருக்காது. அதனால் இங்கே ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டியலில் வருவதில் முக்கால்வாசியை நாமே பேப்பரில் கண்டுபிடிக்கலாம். ப்ளஸ் டூ கணக்கு எதுவும் வேண்டாம், பெருக்கல், வகுத்தல், மீதி மூன்றும் கைவந்தால் போதும்.

எண் இதுதான்: 18446744073709551615.

பார்த்தவுடன் 3ஆல் வகு, 7ஆல் வகு என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வழியில் கடைசிவரை போக வேண்டுமென்றால் இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது சுமார் 429 கோடி வரை, உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டிவரும், அவை 20 கோடிக்கும் மேல் இருக்கின்றன. பெரிய எண்ணிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீ எங்கிருந்து வந்தாய் என்பதுதான்.

எண்ணின் ஊர் எது

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, நான்காவதில் 8 என்று இரட்டித்துக்கொண்டே 64 கட்டத்தையும் நிரப்பினால் மொத்தம் வரும் அரிசிதான் இந்த எண். இந்தக் கதையை இப்னு கல்லிகான் என்ற அறிஞர் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். கேரளத்து அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் பால்பாயசம் கொடுப்பதற்குச் சொல்லும் தலபுராணமும் இதே கதைதான், பந்தயத்தில் தோற்ற ராஜா அரிசிக் கடனை ஒரேயடியாகத் தீர்க்க முடியாமல் பாயசமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 46,000 கோடி டன். உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் கிடைக்கும் அரிசி 50 கோடி டன் சொச்சம்தான், அப்படியென்றால் தொள்ளாயிரம் வருஷத்து விளைச்சல். பாயசக் கடன் இப்போதைக்குத் தீராது.

64 எண்களையும் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை. 1 + 2 + 4 + 8 என்று போகும் கூட்டலின் முன்னால் இன்னொரு 1 சேருங்கள். 1ம் 1ம் சேர்ந்து 2, அதோடு அடுத்த 2 சேர்ந்து 4, அதோடு அடுத்த 4 சேர்ந்து 8 என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கடைசியில் 2⁶⁴ மட்டும் மிஞ்சும். நாம் சேர்த்த 1ஐத் திருப்பி எடுத்தால் 2⁶⁴ − 1. இந்த ஒரு வரி கையில் இருந்தால் போதும், இனி வரப்போவது எல்லாமே இதிலிருந்துதான் வரும்.

இரும வடிவமும் இதோடு சேர்ந்தே கிடைத்துவிட்டது. 64 கட்டத்திலும் ஒரு 1, அவ்வளவுதான், 64 ஒன்றுகள் வரிசையாக. 64 பிட் கணினியில் குறியில்லாத முழு எண்ணாக வைக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு இதுவாக இருப்பதும் அதனால்தான், இதற்கு மேல் 1 கூட்டினால் எல்லா பிட்டும் புரண்டு 0 ஆகிவிடும்.

எண்ணைத் தப்பில்லாமல் வைத்துக்கொள்வது

இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் பெரிய எண்களில் பாதிக் குழப்பம் இங்கேதான் நடக்கிறது. எக்ஸெல்லில் இந்த எண்ணை அப்படியே தட்டினால் 18446744073709500000 என்று மாறிவிடும், ஏனென்றால் அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மிச்சத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டிடம் 2இன் 64ஆம் அடுக்கைக் கேட்டால் 18446744073709552000 என்று சொல்லும். இரண்டும் பொய். இந்த அளவு எண்ணோடு விளையாட வேண்டுமென்றால் பைத்தான் நல்லது, அதில் முழு எண்ணுக்கு இத்தனை இலக்கம்தான் என்ற கட்டுப்பாடு கிடையாது.

எண் சரியாக வந்திருக்கிறதா என்று மனக்கணக்கிலேயே மூன்று சோதனை போடலாம். 2¹⁰ என்பது 1024, ஆயிரத்தைவிடக் கொஞ்சம் கூட. 2⁶⁴ என்பது 16ஐ ஆறு தடவை 1024ஆல் பெருக்குவது, ஆக 16க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டதைவிடக் கொஞ்சம் அதிகம். நம் எண் 18இல் தொடங்கி 20 இலக்கம் வருகிறது, சரி. அடுத்து கடைசி இலக்கம்: 2இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே சுற்றிச் சுற்றி முடியும், 64 நான்கால் வகுபடும் என்பதால் 2⁶⁴ ஆறில் முடிய வேண்டும், ஒன்றைக் கழித்தால் 5. அதுவும் சரி. மூன்றாவது சோதனை 9ஆல் வகுத்தால் வரும் மீதி. இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது, 8 + 7 = 15, 1 + 5 = 6, எனவே மீதி 6. இன்னொரு பக்கம் 2இன் அடுக்குகளை 9ஆல் வகுத்தால் வரும் மீதிகள் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறுக்கு ஒரு தடவை சுற்றும். 64ஐ 6ஆல் வகுத்தால் மீதி 4, நான்காவது மீதி 7, ஒன்று போனால் 6. பொருந்துகிறது. எங்காவது ஒரு இலக்கம் மாறியிருந்தால் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

வாயால் சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டுங்கள், நம் ஊர்க் கணக்குக்கு அதுதான் வசதி. 184467, 4407370, 9551615 என்று மூன்று துண்டு வரும். கடைசித் துண்டு அப்படியே, நடுத்துண்டு கோடியில், முதல் துண்டு கோடி கோடியில். ஆக 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615.

சின்ன வகுத்திகளை ஓரம் கட்டுவது

கடைசி இலக்கம் 5, அதனால் 2 வகுக்காது, 5 வகுக்கும். இலக்கக் கூட்டல் 87, அதனால் 3 வகுக்கும், 9 வகுக்காது. இதெல்லாம் பள்ளியிலேயே படித்தது. 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கும் வழி மட்டும் பலருக்கும் தெரியாது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

7 × 11 × 13 = 1001. 1001ஐ மூன்றுமே வகுக்கும், 1000 அதைவிட ஒன்று குறைவு, ஆகவே மீதிக் கணக்கில் 1000 என்பது இந்த மூன்றுக்கும் −1 மாதிரியே நடந்துகொள்ளும். எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் மீதி மாறாது. நம் எண்ணை இப்படிப் பிரித்தால் 18, 446, 744, 073, 709, 551, 615. வலமிருந்து 615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18. வரிசையாகப் போட்டால் 64, 773, 700, 1444, 998, 1016. இருபது இலக்கம் நான்கு இலக்கமாகிவிட்டது. 1016ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் 4, 13ஆல் வகுத்தால் 2. மூன்றுமே வகுக்கவில்லை. அதே துண்டுகளைக் கழிக்காமல் எல்லாவற்றையும் கூட்டினால் 3156 வரும். 999 = 27 × 37 என்பதால் இந்த 3156ஐ வைத்து 37ஐச் சோதிக்கலாம்: மீதி 11, அதுவும் இல்லை.

இந்த மாதிரிச் சில்லறைச் சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 17, 19, 23 என்று ஒவ்வொன்றாகப் போக இங்கே அவசியமே வராது.

வடிவத்தைப் பிடித்து உடைப்பது

ஒரு எண்ணின் வர்க்கத்திலிருந்து 1 கழித்தால், அந்த எண்ணுக்கு ஒன்று கீழே, ஒன்று மேலே இருக்கும் இரண்டையும் பெருக்கியதற்குச் சமம். 10² − 1 = 9 × 11. 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். அதனால் 2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1). இதில் 2³² − 1 மறுபடி அதே வடிவம், அதையும் உடைக்கலாம், அதில் வருகிற 2¹⁶ − 1ஐயும் உடைக்கலாம், இப்படியே கீழே போனால் கடைசியில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை, கவனித்தீர்களா. 20 இலக்க எண் ஆறு துண்டாகிவிட்டது. ஒவ்வொரு துண்டும் 2இன் ஒரு அடுக்கோடு 1 சேர்ந்தது: 2 + 1, 4 + 1, 16 + 1, 256 + 1, 65536 + 1, கடைசியாக 2³² + 1. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் தி ஃபெர்மா 1640 வாக்கில் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இவை எல்லாமே பகா எண்கள்தான், இப்படியே எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்தான் வரும் என்று நம்பினார். நிரூபணம் கிடைக்கவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டார். 3, 5, 17, 257, 65537 வரை அவர் சொன்னது சரி. பிரச்சினை ஆறாவதில்.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதவியலாளர் ஒரு கடிதத்தில் இந்த விஷயத்தை இன்னொரு கணிதவியலாளரான ஆய்லரிடம் கேட்டார். 1732இல் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லர், 4294967297ஐ 641 வகுக்கும் என்று காட்டிவிட்டார். கதையாகக் கேட்டால், உட்கார்ந்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்திருப்பார் போல என்று தோன்றும். இந்த எண்ணின் வர்க்கமூலம் சுமார் 65536, அதற்குக் கீழே பகா எண்கள் 6542 இருக்கின்றன. அத்தனையையும் தொட வேண்டியதில்லை.

641ஐ ஐந்தே முயற்சியில் பிடிப்பது

2³² + 1ஐ ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³²இன் மீதி −1, அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. 2இன் அடுக்குகள் தரும் மீதிகள் ஒரு சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றின் நீளம் 64ஐ வகுக்க வேண்டும், ஆனால் 32ஐ வகுக்கக் கூடாது (32லேயே 1 வந்திருந்தால் −1 எப்படி வரும்?), எனவே நீளம் சரியாக 64. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி சுற்றின் நீளம் எப்போதும் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவானதை வகுக்கும். ஆகவே நாம் தேடும் பகா எண், 64இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். வேறு எதையும் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம்.

64இன் மடங்கோடு 1: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்து பேர்.

பத்து இலக்க எண்ணை இவற்றால் நேரடியாக வகுப்பதைவிட, மீதியை வர்க்கப்படுத்திக்கொண்டே போவது எளிது. 2⁸ = 256, அதை வர்க்கப்படுத்தினால் 2¹⁶, இன்னொரு தடவை வர்க்கப்படுத்தினால் 2³². ஒவ்வொரு தடவையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடலாம். கடைசியில் −1 வந்தால், அதாவது வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவாக வந்தால், ஆள் சிக்கிவிட்டார்.

193: 256இல் 193 போனால் 63. 63இன் வர்க்கம் 3969, மீதி 109. 109இன் வர்க்கம் 11881, மீதி 108. 192 வந்திருக்க வேண்டும், வரவில்லை.

257: 256 என்பது −1, வர்க்கம் 1, அதன் வர்க்கமும் 1. இல்லை.

449: 256இன் வர்க்கம் 65536, மீதி 431, அதாவது −18. அதன் வர்க்கம் 324. இல்லை.

577: 65536இன் மீதி 335. 335இன் வர்க்கம் 112225, மீதி 287. இல்லை.

641: 65536இல் 641 × 102 = 65382 போனால் மீதி 154. 154இன் வர்க்கம் 23716. 641 × 37 = 23717. ஒன்றே ஒன்று குறைகிறது! மீதி −1. முடிந்தது.

இதைப் பேப்பரில் ஒரு தடவையாவது நீங்களே போட்டுப் பாருங்கள், படிப்பதைவிடப் போடுவதில்தான் சுகம். 23716க்கும் 23717க்கும் நடுவில் அந்த ஒன்று வந்து நிற்கும் இடத்தில், ஃபெர்மாவின் நம்பிக்கை உடைந்த சத்தமே கேட்கும்.

கணக்கே போடாமல் 641ஐ நிறுவ இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. 641 = 5 × 128 + 1, அதே 641 = 625 + 16. முதலாவதிலிருந்து 5 × 2⁷இன் மீதி −1, அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴இன் மீதி −2⁴. மாற்றிப் போட்டால் −2³²இன் மீதி 1. அழகாக இருக்கிறது, ஆனால் 641 என்று முன்னாடியே தெரிந்தால்தான் இந்த வித்தை பலிக்கும், தேடுவதற்கு உதவாது. அதனால் எனக்கு நீளமான வழிதான் பிடிக்கும்.

மிச்சம் பகா எண்தானா

4294967297ஐ 641ஆல் வகுத்தால் 6700417. இது பகா எண்ணா? பலர் இந்த இடத்தில் நம்பிக்கையின்பேரில் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், இதுவும் நான்கு வகுத்தலில் முடிகிற வேலை. இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 2³² + 1ஐயும் வகுக்கும், எனவே பழைய நிபந்தனை இங்கும் பொருந்தும். போதாததற்கு, 1878இல் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அந்த நிபந்தனையை இன்னும் இறுக்கினார்: 64இன் மடங்கு போதாது, 128இன் மடங்கோடு 1 ஆக இருக்க வேண்டும். 641க்கு முன்னால் அப்படி இருப்பது 129, 257, 385, 513 மட்டும். அவற்றில் பகா எண் 257 ஒன்றுதான், அதை ஏற்கெனவே தள்ளிவிட்டோம். 641இலிருந்து 2588 வரை பார்த்தால் பகா எண்களாக இருப்பவை 641, 769, 1153, 1409. அவ்வளவுதான், மற்றதெல்லாம் 3, 5, 7, 11, 13, 17, 29 என்று எதிலாவது மாட்டிக்கொள்ளும். இந்த நான்கால் 6700417ஐ வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யம் இல்லை, ஆகவே பகா எண்.

65537க்கும் இதே மாதிரிதான். அதன் வர்க்கமூலம் 256. 2¹⁶ + 1க்கு லூகாவின் நிபந்தனை 64இன் மடங்கோடு 1 என்பது, அதன்படி 256க்குள் இருக்கும் ஒரே பகா எண் 193, மீதி 110. முடிந்தது. 257க்கு 16 வரை சோதித்தால் போதும், அதை உங்களிடமே விடுகிறேன்.

முழுப் பிரிப்பு:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

பிரித்த பிறகு சும்மா கொட்டுவது

கால்குலேட்டர் பட்டியலில் வரும் பாதி வரிகள் இந்த ஒரு வரியிலிருந்தே உதிரும். ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டு தடவை வரவில்லை. ஒரு காரணியை உருவாக்க ஏழில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், எனவே மொத்தக் காரணிகள் 2⁷ = 128. எல்லாக் காரணிகளையும் கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 சேர்த்துப் பெருக்க வேண்டும்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418. இந்தப் பெருக்கலைப் போட்டு முடிக்கத் தேவையில்லை, எண்ணோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்பதே போதும். 4/3ம் 6/5ம் சேர்ந்து 1.6, 18/17 சேர்ந்தால் 1.694, மீதியெல்லாம் கொசுறு, கடைசியில் சுமார் 1.703. இரண்டைத் தொடவில்லை. ஆகவே தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிடக் குறைவு, இதைத்தான் குறைவெண் என்பார்கள்.

இந்த எண்ணோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்று கேட்டால், இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் 1 குறைத்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416. இதில் 2, 4, 16, 256, 65536 ஐந்தையும் பெருக்கினால் சரியாக 2³¹ வரும். மொத்தத்தில் ஏறத்தாழ பாதி எண்கள், துல்லியமாகச் சொன்னால் பாதிக்கு ஒரு நூல் குறைவு.

பழைய வடிவமும் இன்னும் வேலை செய்யும். 64ஐ எது வகுக்கிறதோ அதை அடுக்காக வைத்து 1 கழித்தால் அதுவும் நம் எண்ணை வகுக்கும். 2⁸ − 1 = 255 வகுக்கும், 2¹⁶ − 1 = 65535 வகுக்கும்.

இடையில் ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் விட மனசில்லை. 641ஐயும் 6700417ஐயும் ஓரமாக வைத்துவிட்டு மிச்சம் ஐந்தைப் பெருக்கினால் 4294967295. அளவுகோல், காம்பஸ் இரண்டை மட்டும் வைத்து வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். அப்படிப்பட்ட பலகோணங்கள் மொத்தம் 31, அத்தனையும் இந்த ஐந்து பகா எண்களைச் சேர்த்து விட்டுப் பெருக்கியவைதான். 17 பக்கத்தை 1796இல் காஸ் பிடித்தார், அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

வர்க்கம், முக்கோணம்

முழு வர்க்கமா? 5இல் முடியும் வர்க்கங்கள் எல்லாம் 25இல்தான் முடியும், நம் எண் 15இல் முடிகிறது, எனவே இல்லை. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையா? மூன்று வர்க்கங்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் கிடைக்கும் வழி, 8ஆல் வகுத்துப் பார்ப்பது. எந்த வர்க்கத்தை 8ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 இதில் ஒன்றுதான். இவற்றில் மூன்றை எப்படி எடுத்துக் கூட்டினாலும் மீதி 7 வராது, எழுதிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நம் எண் 2⁶⁴க்கு ஒன்று கீழே இருப்பதால் 8ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே இரண்டும் போதாது, மூன்றும் போதாது. நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ்ச் 1770இல் நிறுவிவிட்டதால், இதற்குச் சரியாக நான்கு வேண்டும்.

முக்கோண எண்ணா (1, 3, 6, 10, 15 என்று வரும் வரிசை) என்பதுதான் இந்தப் பட்டியலிலேயே ருசியான கேள்வி. ஒரு எண் முக்கோண எண் என்றால் அதை 8ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். 15க்கு 121, பதினொன்றின் வர்க்கம், சரி. நம் எண்ணுக்கு இதைச் செய்தால் 8 × 2⁶⁴ − 8 + 1, அதாவது 2⁶⁷ − 7. இது வர்க்கமா?

இந்த இடத்தில் ராமானுஜன் வந்து நிற்கிறார். 1913இல், கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பு, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு கேள்வி போட்டார், வரிசை எண் 464: 2இன் 3, 4, 5, 7, 15ஆம் அடுக்குகளிலிருந்து 7ஐக் கழித்தால் முழு வர்க்கம் வருகிறது, வேறு அடுக்குகள் உண்டா? சரிபார்த்தால் 1, 9, 25, 121, 32761, கடைசியானது 181இன் வர்க்கம். வேறு எதுவுமே கிடையாது என்று நார்வேக்காரர் நாகல் 1948இல் நிறுவினார். 67 அந்த ஐந்தில் இல்லை, ஆகவே நம் எண் முக்கோண எண் இல்லை. 2இன் அடுக்கில் 1 குறைந்த எண்களில் முக்கோண எண்ணாக இருப்பவை 0, 1, 3, 15, 4095 மட்டும்தான் என்பதும் அதே வீச்சில் கிடைத்துவிடுகிறது.

வடிவமே இல்லாத எண் வந்தால்

எல்லா எண்ணும் இப்படி இணங்கி வராது. தெருவில் போகிற ஒரு எண்ணை எடுத்தால் முதலில் மேலே சொன்ன சில்லறைச் சோதனைகள், அப்புறம் இருநூறு முந்நூறு வரை உள்ள பகா எண்கள். அதற்கும் மசியவில்லையென்றால், அந்த எண்ணுக்கு மேலே இருக்கும் முதல் வர்க்கத்தைப் பாருங்கள், இடைவெளியும் ஒரு வர்க்கமாக இருந்தால் உடனே உடைந்துவிடும். 4087ஐ எடுத்தால் மேலே 64² = 4096, இடைவெளி 9, அது 3இன் வர்க்கம். எனவே 61 × 67. முதல் வர்க்கம் சரிவராவிட்டால் அடுத்தது, அதற்கடுத்தது என்று நாலைந்து பார்க்கலாம். இதுவும் ஃபெர்மாவின் வழிதான், நம் 20 இலக்க எண்ணை முதலில் இரண்டாக உடைத்ததும் உண்மையில் இதே வழியில்தான், அங்கே இடைவெளி 1.

அதற்கும் மேல் போனால் கணினிதான். லினக்ஸில் ஃபேக்டர் என்ற கட்டளைக்கு 20 இலக்கமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பகா எண்ணா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால், பைத்தானில் மூன்று உள்ளீடு வாங்கும் பவ் (pow) சார்பு நாம் 641க்குச் செய்த வர்க்க வேலையை அப்படியே செய்யும்: எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்து மீதியைப் பாருங்கள். எண் ஒற்றைப்படையாக இருந்து மீதி 1 வரவில்லையென்றால் நிச்சயம் பகு எண். 1 வந்தால் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் 341 மாதிரி ஏமாற்றுக்காரர்கள் உண்டு (11 × 31, ஆனால் மீதி 1 வரும்), அதனால் அதோடு கணக்கை மூடிவிடாதீர்கள்.

கை துறுதுறு என்றால் நம் எண்ணோடு 2 கூட்டிப் பாருங்கள்: 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1, ஃபெர்மாவின் வரிசையில் அடுத்தது. இதை 1880இல் லாந்ரி முழுதாகப் பிரித்தார். லூகாவின் நிபந்தனை இங்கே 256இன் மடங்கோடு 1 என்று ஆகும். 257இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறினால் 1071ஆவது படியில் 274177 வந்து நிற்கும். அது வரை கையால் ஏற வேண்டாம், ஆனால் 274177 உண்மையிலேயே வகுக்கிறதா என்று மட்டும் 2¹⁶இலிருந்து வர்க்கப்படுத்திக்கொண்டே போய்ச் சரிபாருங்கள், நான்கு வர்க்கம்கூட ஆகாது.